நீர் நிறுத்திப் பார்த்தல்

பழைய பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது நம் ஊர் வழக்கம். மண்பானையை இடக்கையில் ஏந்தி வலக்கை விரல்முட்டியால் தட்டினால், நன்கு வெந்த பானை 'ணங்' என்று ஒலிக்கும்; கண்ணுக்குப் புலப்படாத கீறல் இருந்தால் ஒலி செத்துப்போகும். வெண்கலப் பானைக்கும் இதே சோதனைதான். பலாப்பழத்தைத் தட்டியும் தேங்காயை ஆட்டியும் உள்ளே இருப்பதை அறிகிறோம். செவியால் அறியும் இக்கலை, கண்ணாடி மீன்தொட்டியிடம் மட்டும் பலிப்பதில்லை. ஐந்து கண்ணாடிகளும் தனித்தனியே பழுதற்று இருக்கலாம். ஆயினும் தொட்டியின் உயிர் இருப்பது கண்ணாடியில் அன்று, கண்ணாடியும் கண்ணாடியும் சந்திக்கும் பசைக்கோட்டில். அந்தக் கோட்டுக்கு ஓசை கிடையாது. நீரை நிறுத்திப் பார்ப்பதொன்றே அதனிடம் கேள்வி கேட்கும் முறை.

சென்ற மார்கழியில் அப்படி ஒரு தொட்டியிடம் நாங்கள் கேள்வி கேட்க நேர்ந்தது. நாங்கள் என்பது இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் கணக்கு எழுதுபவர். சென்னைப் புறநகரில் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறோம். தொட்டி, எங்களில் தமிழ் படித்தவருக்கு முதுகலையில் பாடம் சொன்ன பேராசிரியருடையது. துல்லியமாகச் சொன்னால் அவருடைய மனைவியுடையது. அம்மா மறைந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. அதன்பின் மீன்களை யாருக்கோ கொடுத்துவிட்டு, தொட்டியைக் கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்துவிட்டார். இப்போது வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் இருக்கும் மகளிடம் செல்கிறார். புத்தகங்களைப் பிரித்துக் கொடுக்க மாணவர்களை அழைத்தபோது, தொட்டியையும் காட்டினார்.

"எடுத்துக்கோம்மா. ஆனா ஐந்நூறு ரூபா கொடுத்துட்டு எடுத்துக்கோ. இனாமாக் கொடுத்த பொருளை யாரும் இனாமாத்தான் நடத்துவாங்க" என்றார். பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பின் ஒன்றைக் கேட்டுக்கொண்டார். "தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லணும். நிக்கலைன்னாலும் சொல்லணும்." "சொல்றோம் ஐயா" என்றோம்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். எட்டு மில்லிமீட்டர் கண்ணாடி. வெறுந்தொட்டியே 33 கிலோ இருக்கும். இரும்பு ஸ்டாண்ட் தனி. உள்ளே விடைத்தாள் கட்டுகளும் பழைய கருத்தரங்க மலர்களும் அடுக்கப்பட்டிருந்தன. அடியில் காற்றுக்குழாய்ச் சுருள் ஒன்றும், நான்காக மடித்த பருத்திச் சேலைத் துணி ஒன்றும் கிடந்தன. துணியின் ஒரு முனை வெண்மையாக உப்புப் பூத்து அப்பளம்போல் விறைத்திருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தோம்.

நீர் ஊற்றுவதற்கு முன் உலர்ந்த நிலையில் பார்க்க வேண்டியவை சில உண்டு. கண்ணாடியின் பின்னே கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தோம். விளிம்புகளில் சிறு பெயர்வு இருக்கிறதா, மூலையிலிருந்து மயிரிழைபோல் கீறல் ஓடுகிறதா என்று விரலால் அன்று, நகத்தால் தடவினோம். கீறல் இருந்தால் நகம் தடுக்கும். மேல்விளிம்பை ஒட்டியிருக்கும் குறுக்குக் கண்ணாடிகள் உறுதியாக இருக்கின்றனவா என்றும் பார்த்தோம். நீரின் அழுத்தத்தால் முன் கண்ணாடி வெளிநோக்கி வளையாமல் இழுத்துப் பிடிப்பவை அவை. உட்புறம், மேல்விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே, நாற்புறமும் ஓர் உப்புக்கோடு ஓடியது. ஆழ்துளைக் கிணற்று நீர் ஆண்டுக்கணக்கில் நின்ற மட்டம் அது. அம்மா ஒருநாளும் அதற்கு மேல் ஊற்றியதில்லை என்பதற்கும் கீழே இறங்க விட்டதில்லை என்பதற்கும் அந்தக் கோடே சாட்சி.

எங்கள் சிறுவயதில் நாங்கள் கண்ட தொட்டிகள் இவ்வகையின அல்ல. மருத்துவர் வீட்டு முன்னறையிலும் சலூன்களிலும் இருந்தவை இரும்பு ஆங்கிள் சட்டத்துக்குள் கண்ணாடிகளைச் செருகிப் புட்டியால் அடைத்தவை. 1853இல் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் 'அக்குவேரியம்' என்ற சொல் பரவியது. அக்காலத் தொட்டிகளும் உலோகச் சட்டமும் கற்பலகையும் புட்டியும் கொண்டவைதாம். சென்னை மெரினாவில் 1909இலேயே பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் இருந்தது. புட்டித் தொட்டிக்கு ஒரு குணம்: நீர் இருக்கும்வரை நன்றாக இருக்கும், வற்றவிட்டால் புட்டி காய்ந்து வெடிக்கும். மீண்டும் நீர் ஊற்றினால் சில நாள் ஒழுகி, அழுத்தத்தில் புட்டி நெகிழ்ந்து தானே அடைந்துகொள்வதும் உண்டு.

1960களுக்குப் பிறகு சிலிக்கான் பசை வந்தது; சட்டம் தேவையற்றுப் போயிற்று. சிலிக்கான் புட்டியைப்போல் எளிதில் காய்ந்து வெடிப்பதில்லை. ஆனால் தானே அடைந்துகொள்ளும் பெருந்தன்மையும் அதற்கு இல்லை. பாசி சுரண்டும் பிளேடு பட்ட இடத்தில் அது உரியத் தொடங்கும். நீரோடு தொட்டியை நகர்த்தினாலோ ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கினாலோ முறுக்கத்தில் கண்ணாடியை விட்டு விலகும். விலகியது கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்து கிடக்கும் ஆண்டுகளில் யாரும் அதைக் கேட்பதுமில்லை. இத்தனை ஆண்டு ஒழுகாத தொட்டி இனி ஒழுகாது என்பது, அதனால்தான், பயன்படாத நியாயம்.

எங்கள் வீட்டுக்கார அம்மா கீழ்த்தளத்தில் வசிப்பவர், எழுபதைக் கடந்தவர். எங்கள் கூடத்துக்கு நேர் கீழே அவருடைய பூசையறை. மாடியில் மீன்தொட்டி வைக்க இசைவு கேட்டபோது, "எவ்வளவு தண்ணி பிடிக்கும்?" என்றார். 190 லிட்டர் என்றோம். "அதாவது?" என்றார். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ; தொட்டியும் மணலும் ஸ்டாண்டும் சேர்ந்தால் கால் டன்னைத் தாண்டும் என்று எங்களில் கணக்கெழுதுபவர் மறைக்காமல் சொன்னார். எடையை அவர் பொருட்படுத்தவில்லை. தாங்குசுவரை ஒட்டி வைத்தால் போதும் என்றார். அவருடைய கணவர் கட்டடப் பணியில் இருந்தவராம். நீரைத்தான் பொருட்படுத்தினார்.

"மேல வைக்கிறதுக்கு முன்னால கீழ வச்சு எனக்குக் காட்டுங்க டீச்சர். இன்னொண்ணு, பாத்துட்டுச் சாக்கடைல விடக்கூடாது. ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துதே, மறந்துடுச்சா?"

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதையும், அவ்வாண்டு சூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து நீர் ஏற்றிய தொடர்வண்டி நகருக்குள் வந்ததையும் யாராலும் மறக்க முடியாது. அதற்கு நான்காண்டு முன்னர், 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றில் பெருகி நகருக்குள் புகுந்ததும் அப்படியே. நீர் இல்லாமலும் நீர் மிகுந்தும் அடிபட்ட ஊர் இது. ஒருவர் 190 லிட்டரை எங்கே ஊற்றப்போகிறீர்கள் என்று கேட்பதில் முறையற்றது எதுவுமில்லை. சோதனை முடிந்ததும் நீர் முழுவதும் அவருடைய செடிகளுக்கு என்று ஒப்புக்கொண்டோம்.

கார் இல்லாத கார் நிறுத்துமிடத்தில் ஸ்டாண்டை நிறுத்தினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் ஒரு மூலை தாழ்ந்திருந்தது. ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் மரச்சில் கொடுத்து மட்டம் செய்தோம். கண்ணாடிக்கும் ஸ்டாண்டுக்கும் இடையில் எதையும் செருகக் கூடாது. செருகிய இடத்தில் எடை குவிந்து அடிக்கண்ணாடி தெறித்துவிடும். ஸ்டாண்டின் பலகைமீது தெர்மாகோல் தகடு பரப்பி அதன்மேல் தொட்டியை வைத்தோம். சிறு மணல் துகளோ ஆணித்தலையோ இருந்தால் தெர்மாகோல் அதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். தொட்டியைச் சுற்றிச் செய்தித்தாள் விரித்தோம். நீர் பட்ட தாள் உலர்ந்தாலும் சுருக்கம் போகாது. யாரும் பார்க்காத வேளையில் சொட்டியதையும் அது காட்டிக் கொடுக்கும். வெளிப்புற இணைப்புகளின் நெடுகிலும் வகுப்பறைச் சுண்ணக்கட்டியால் தடித்த கோடு இழுத்தோம். ஈரம் பட்டால் வெண்கோடு கருத்துவிடும். இருபது ஆண்டுகளாக எங்களில் ஒருவரின் விரலிடுக்கில் இருந்துவரும் பொருளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

நீரை ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. இதற்குள் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. நீர் கண்ணாடியைத் தள்ளும் விசை, நீரின் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. விளிம்புவரை நிறைந்த எங்கள் தொட்டியில் மூன்றடி முன் கண்ணாடியை நீர் ஏறக்குறைய 95 கிலோ எடைக்குச் சமமான விசையால் வெளியே தள்ளும். பாதி உயரத்தில் அது 24 கிலோதான்; கால் உயரத்தில் ஆறே கிலோ. முக்கால் உயரத்தில் 53. ஆகவே பாதிவரை நீர் நின்றது என்பது தொட்டிக்குக் கால்பங்கு நற்சான்று மட்டுமே. தவிர, கீழே உடைவதாக இருந்தால் குறைந்த நீரோடு உடையட்டும் என்பதும் ஒரு காரணம்.

வெள்ளி காலை கால்பங்கு, மாலை பாதி. சனி காலை முக்கால். மாலையில் அம்மாவின் உப்புக்கோடு வரை. ஒவ்வொரு நிலையிலும் நீர்மட்டத்தில் காகித நாடா ஒட்டிக் குறித்தோம். பக்கத்திலேயே ஒரு வாளியில் நீர் நிரப்பி அதிலும் நாடா ஒட்டினோம். திறந்த நீர் ஆவியாகும். தொட்டியில் மட்டம் இறங்கினால் அது ஆவியா கசிவா என்று எப்படித் தெரியும்? வாளி ஒழுகாது என்பது தெரியும். இரண்டிலும் ஒரே அளவு இறங்கினால் ஆவி. தொட்டியில் கூடுதலாக இறங்கினால் கசிவு.

ஆனால் வாளியின் சாட்சியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எங்கள் தொட்டியில் மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்குவதற்கு 418 மில்லிலிட்டர் நீர் வெளியேற வேண்டும். பத்து வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாள் முழுவதும் சொட்டினால்தான் அந்த அளவு சேரும். அதைவிட மெதுவான கசிவை எந்த அளவுகோலும் காட்டாது. கண்ணாடி தன்போக்கில் வேர்ப்பதும் உண்டு. காற்றைவிட நீர் குளிர்ந்திருந்தால், குளிர்பானப் புட்டியின்மீது போல வெளிப்புறமெங்கும் துளிகள் அரும்பும். அதைக் கசிவென்று மருண்டவர் பலர். வேர்வை கண்ணாடி முழுவதும் பரவும். கசிவு ஓரிடத்தில் ஊறும்.

இரண்டு நாளும் எங்களைவிடக் கூர்ந்து பார்த்தவர் வீட்டுக்கார அம்மாதான். நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தார், செய்தித்தாள் படித்தார், தொலைபேசியில் தங்கையிடம் தொட்டியின் நிலவரம் சொன்னார். சனி இரவு பத்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அகநானூற்றின் 252ஆம் பாடலில் ஒரு தாய் வருகிறாள். மகள் இரவில் வெளியேறிவிடுவாளோ என்று கண்ணயராமல் காக்கிறாள். அவளுக்கு உவமையாகிறவன், சிறிய கரைகொண்ட பெரிய குளத்தைக் காக்கும் காவலன். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் தாயின் கண்டிப்பையே பேசிக்கொண்டிருப்போம். காவலனின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது. அவன் உடைப்பைக் காக்கவில்லை. முதல் ஊற்றை, மண் சற்றே நிறம் மாறும் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். உடைந்தபின் காவலுக்கு வேலையில்லை. அவன் தூங்காமல் இருப்பது அதற்காகத்தான்.

ஞாயிறு விடியலில் கோலம் போட வந்தவர் கோலப்பொடியோடு நின்று எங்களை அழைத்தார். "டீச்சர், சாரையும் கூட்டிட்டு வாங்க. இது வேர்வை இல்ல. ஒரே எடத்துல வருது."

பின்புறத்து இடது மூலை. அடியிலிருந்து இரண்டங்குல உயரத்தில் தொடங்கிக் கீழ்வரை சுண்ணக்கோடு சாம்பல் நிறமாகக் கருத்திருந்தது. கீழே செய்தித்தாளில் எலுமிச்சை அளவு ஈரம். துணியால் துடைத்து, உலரவிட்டு, மீண்டும் கோடு இழுத்தோம். ஒரு மணி நேரத்தில் அதே இடம் கருத்தது. தொட்டி மட்டத்தையும் வாளி மட்டத்தையும் அளந்தோம். இரண்டும் ஒன்றாகவே இறங்கியிருந்தன. வாளியும் அளவுகோலும் தொட்டி நலமென்று சொன்ன நேரத்தில் சுண்ணக்கட்டி மட்டும் இல்லையென்றது. முக்கால் உயரம்வரை ஒரு பொட்டு ஈரமும் இல்லை. கடைசி மூன்று அங்குல நீர்தான் அந்த இணைப்பைத் திறந்திருக்கிறது.

இவ்வளவு சிறிய கசிவுக்கு இத்தனை பரபரப்பு ஏன் என்று சிலர் கேட்கலாம். பெர்லின் நகரில் ஒரு விடுதியின் முற்றத்தில் 'அக்வாடோம்' என்ற உருளைவடிவ மீன்தொட்டி இருந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் லிட்டர் நீரும் 1,500 மீன்களும் கொண்டது; நடுவே மின்தூக்கி ஓடும். புதுப்பிப்புப் பணிக்குப் பின் 2022 கோடையில் மீண்டும் திறக்கப்பட்ட அது, அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியலில் வெடித்துச் சிதறியது. இருவர் காயமுற்றனர், மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. விடியற்காலை என்பதால் முற்றத்தில் கூட்டமில்லை. ஆய்ந்த வல்லுநர் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சுட்ட இயலவில்லை. வாய்ப்புள்ளவையாக மூன்றைச் சொன்னார். பசை இணைப்பு விட்டிருக்கலாம். புதுப்பிக்கும்போது சுவரில் சிறு வெட்டு விழுந்திருக்கலாம். அல்லது, பணிக்காக வற்றவிட்ட தொட்டியில் மீண்டும் நீர் நிரப்பத் தாமதமானதால் அக்ரிலிக் சுவர் அளவுக்கு மீறி உலர்ந்திருக்கலாம். எங்கள் தொட்டி கண்ணாடி. அதனோடு ஒப்பிட ஒரு குவளை. எனினும் இணைப்பு, கீறல், உலர்ந்து கிடந்த காலம் என்று அந்த மூன்றையும் படிக்கையில், கொட்டகையில் கிடந்த தொட்டியைச் சுற்றிவந்து நாங்கள் பார்த்தவையும் அவையே என்பது நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே ஐயாவுக்குத் தொலைபேசினோம். நிற்கவில்லையென்றாலும் சொல்ல வேண்டும் என்பது அவர் வாங்கிக்கொண்ட வாக்கு. சுற்றி வளைக்காமல் சொன்னோம்: "ஐயா, ஒரு மூலையில லேசா கசியுது."

"எந்த மூலை?"

"பின்பக்கம், இடது மூலை ஐயா."

சற்று நேரம் பேச்சில்லை. பின்பு, "அங்கதான் அவ ஒரு துணி வச்சிருப்பா" என்றார். நான்காக மடித்த துணி. தொட்டிக்கும் சுவருக்கும் இடையே, கீழே. காலையில் அதை எடுத்துப்போய்ப் பிழிந்து, வேறொன்றை வைப்பாராம். எத்தனை ஆண்டுகளாக என்று அவருக்குத் தெரியவில்லை. தூசி துடைக்கும் துணி என்றே அவர் எண்ணியிருந்தார். கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. "ஒழுகுதுன்னு சொல்லியிருந்தா தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்" என்றார். தன்னைத் தேற்றிக்கொள்ளும் குரல் அன்று அது. கடினமான பாட்டின் பொருளைத் தாமதமாகக் கண்டுகொண்டவரின் குரல். வகுப்பில் நாங்கள் அதைக் கேட்டிருக்கிறோம்.

எடுத்து வைத்திருந்த துணியைப் போய்ப் பார்த்தோம். கறைக்கு மேல் கறையாக உப்பு, படி படியாகப் படிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஊறிய நீர் காற்றில் போய்விட, போகாதது அதில் நின்றிருந்தது. வீடுகளில் எத்தனையோ கசிவுகள் இப்படித்தான் கசிவென்று பெயர் பெறாமலே இருந்துவிடுகின்றன. யாரோ ஒருவர் நாள்தோறும் துணி மாற்றுகிறார். தொட்டி நன்றாக இருக்கிறது என்று மற்றவர்கள் நம்புகிறார்கள். துணி மாற்றும் கை இல்லாமற்போன பிறகுதான் அளவுகோல், வாளி, சுண்ணக்கட்டி எல்லாம் வேண்டியிருக்கின்றன.

எங்கள் வீட்டில் அதே முறையைத் தொடர இயலாது. கீழே வேறொருவரின் பூசையறை; பின்புறச் சுவரில் மின்பலகை. நீரைச் செடிகளுக்கு விட்டுவிட்டு, கொளத்தூரிலிருந்து தொட்டி செய்யும் இளைஞர் ஒருவரை வரவழைத்தோம். வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற பகுதி அது. இணைப்புகளைப் பார்த்தவர், "வெளில பூசிக் காசு வாங்கிட்டுப் போயிடுவேன் அக்கா, ஆனா நிக்காது" என்றார். காரணம் எளிது. வெளியே பூசிய பசையை உள்ளிருந்து நீர் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே பூசியதை நீர் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தும். உள்ளேயும் ஒழுகும் மூலையில் மட்டும் ஒட்டுப்போட முடியாது. புதிய சிலிக்கான் பழைய சிலிக்கான்மீது சரியாகப் பற்றுவதில்லை. எனவே உட்புறப் பசையை முழுவதும் பிளேடால் உரித்து, கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, எல்லா மூலைகளிலும் புதிதாக இழுக்க வேண்டும். கண்ணாடியும் கண்ணாடியும் சேருமிடத்து மெல்லிய பசைப்படலம் பெரும்பாலும் குமிழ் இல்லாமல் தெளிவாக இருந்ததால் தொட்டியையே பிரிக்க வேண்டியதில்லை என்றார்.

பசையைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். குளியலறைக்கென விற்கும் சிலிக்கானில் பூஞ்சை வராமலிருக்க நஞ்சு கலந்திருக்கும். அது மீனுக்கும் நஞ்சே. பூசி முடித்ததும் தொட்டி முழுவதும் காடி நெடி அடித்தது. இவ்வகைச் சிலிக்கான் காற்றின் ஈரத்தை ஏற்று இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. மேற்புறம் சில நிமிடங்களில் தோல்போல் படிந்தாலும் உள்ளே இறுக நாள்கள் ஆகும். நெடி நின்றபின் எண்ணி ஒரு வாரம் என்றார் இளைஞர். நீரைத் தடுக்கப் போகும் பொருள் ஈரத்தை உண்டே உறுதி பெறுகிறது என்பது எங்கள் இருவருக்கும் புதிய செய்தி.

தை பிறந்தபின் இரண்டாம் சோதனை. மீண்டும் கால், பாதி, முக்கால், உப்புக்கோடு. வீட்டுக்கார அம்மா நாற்காலியோடு வந்தமர்ந்தார். இம்முறை உப்புக்கோட்டு மட்டத்தில் மூன்று முழுநாள் நிறுத்தினோம். 72 மணி நேரத்தில் தொட்டியிலும் வாளியிலும் ஏழு ஏழு மில்லிமீட்டர் இறங்கின. சுண்ணக்கோடு கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. நான்காம் நாள் காலை வீட்டுக்கார அம்மா விரலால் நான்கு மூலைகளையும் தடவி, விரலைப் பார்த்துக்கொண்டு, "மேல கொண்டு போங்க" என்றார்.

அன்றிரவு ஐயாவுக்குச் சொன்னோம். கோயம்புத்தூர் சென்று சேர்ந்துவிட்டிருந்தார். எத்தனை நாள் நிறுத்தினோம், எந்த மட்டம்வரை என்றெல்லாம் ஆய்வேட்டுக்குக் கேள்வி கேட்பதுபோல் கேட்டார். "அவ கோடு வரைக்கும்தானே?" "ஆமாம் ஐயா." மீன் விட எத்தனை நாளாகும் என்றார். நீரும் மணலும் பக்குவப்பட இன்னும் நான்கைந்து வாரமாவது ஆகும் என்றோம். "அவசரமில்ல" என்றார். பேச்சு முடிந்துவிட்டதென நாங்கள் எண்ணியபோது, "அந்தத் துணி இருக்காம்மா?" என்று கேட்டார். இருக்கிறது, துவைத்து அனுப்பிவைக்கிறோம் என்றோம்.

"துவைக்க வேணாம். அப்படியே அனுப்பு."

மறுநாள் அதை மடிப்புக் கலையாமல் ஓர் உறையிலிட்டுக் கூரியரில் அனுப்பினோம். எடை போட்டவர் உள்ளே என்ன என்று கேட்டார். துணி என்று எழுதிக் கொடுத்தோம்.